தொழுக் கழிவும் ஊர் ஓடையும்: பால் பண்ணை நடத்தும் ஒரு வாசகிக்குப் பதில்

சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் காலமான பிறகு, மகனுடன் சேர்ந்து ஆறு ஆண்டுகளாகப் பால் பண்ணை நடத்துகிறார். 24 கறவை மாடுகளும், கிடாரியும் கன்றுமாகப் பத்து உருப்படிகளும் இருக்கின்றன. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் நிலம் உண்டு. சிமெண்டுத் தளம் போட்ட தொழுவைக் காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் மோட்டாரைப் போட்டுக் குழாயால் கழுவிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் பின்புறத்து ஓடையில் இறங்கி, மழைக்காலத்தில் குளம் வரை போய்விடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, தம் கிணற்றுத் தண்ணீர் வாடை அடிக்கிறது, ஈத் தொல்லையால் வாசலில் உட்கார முடியவில்லை என்று ஊராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறார். பதினைந்து நாளில் கழிவை நிறுத்த வேண்டும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. மாடுகளை விற்றுவிட வேண்டியதுதானா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டுமா, 25 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு விற்பனையாளர் சொல்வதை நம்பலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

மாடுகளை விற்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அண்ணாச்சி சொல்வது பொய்யும் இல்லை. கால்நடை மருத்துவராக அம்பாசமுத்திரம், நாங்குநேரி வட்டாரங்களில் வேலை பார்த்த காலத்தில், இதே போன்ற மனக்கசப்புகளைப் பல ஊர்களில் நேரில் கண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் சாணத்தைக் காட்டிலும் அதில் கலந்த தண்ணீரே குற்றவாளியாக இருந்தது. உங்கள் கடிதத்திலும் நான் முதலில் கோடிட்டது மாடுகளின் எண்ணிக்கையை அன்று, மோட்டார் ஓடும் அந்த முக்கால் மணி நேரத்தைத்தான்.

கணக்கைப் பாருங்கள். சுமார் 400 கிலோ எடையுள்ள மாடு ஒன்று நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ வரை சாணம் போடும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. உங்கள் கறவைகளும் இளசுகளும் சேர்ந்து ஏறக்குறைய 450 கிலோ சாணமும், குறைந்தது 300 லிட்டர் கோமியமும் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். குழாயை 200 லிட்டர் டிரம்மில் விட்டு எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று ஒரு முறை அளந்து பாருங்கள். நான்கு நிமிடத்தில் நிரம்பினால், இரண்டு வேளைக்கும் சேர்த்து நீங்கள் 4,500 லிட்டர் தண்ணீர் விடுகிறீர்கள். ஆக, மண்வெட்டியாலும் கூடையாலும் அள்ளிவிடக்கூடிய 750 கிலோ பொருள், குழாயைத் திறந்ததும் 5,000 லிட்டருக்கு மேற்பட்ட கரைசலாகி விடுகிறது. அதை அள்ளவும் முடியாது, தேக்கவும் முடியாது, சுத்திகரிக்கவும் பெருஞ்செலவு ஆகும். அதனால்தான் அது ஓடையைத் தேடிப் போகிறது.

நம் பக்கத்துப் பழைய தொழுக்களில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. மண் தரையில் வைக்கோல் கூளமோ, காய்ந்த மண்ணோ பரப்பியிருப்பார்கள். கோமியத்தை அது குடித்துக்கொள்ளும். விடியற்காலையில் சாணியை அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, ஊறிய மண்ணைச் சுரண்டி அதையும் குழியிலேயே சேர்ப்பார்கள். சிமெண்டுத் தளமும் மோட்டாரும் வந்தபோது வேலை எளிதாயிற்று, மடிநோயும் ஓரளவு குறைந்தது. ஆகவே பழைய மண் தரைக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அள்ளிய பிறகு கழுவுவது என்ற ஒழுங்கு அந்த மாற்றத்தில் தொலைந்துவிட்டது. அதைத்தான் நீங்கள் மீட்க வேண்டும்.

நாளையிலிருந்தே செய்யக்கூடியது இது: கறவைக்கு முன்னால் சாணத்தைத் தட்டை மண்வெட்டியாலோ, ரப்பர் பட்டை வைத்த தள்ளுகட்டையாலோ காய்ந்த நிலையிலேயே ஒதுக்கி அள்ளி, தள்ளுவண்டியில் ஏற்றிவிடுங்கள். தளம் கிட்டத்தட்டச் சுத்தமான பிறகு, குழாயின் முனையில் அழுத்தமாகப் பீய்ச்சும் மூக்கைப் பொருத்தி, மாடு ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மிகாமல் கழுவுங்கள். கழுவும் தண்ணீர் ஏறக்குறைய 700 லிட்டராகவும், கோமியத்தோடு சேர்த்து 1,000 லிட்டராகவும் இறங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்காகிவிட்ட அந்தத் தண்ணீரைத் தேக்க 10,000 லிட்டர் தொட்டியே பத்து நாளுக்குப் போதும். பத்தடி நீளம், ஏழடி அகலம், ஐந்தடி ஆழம் என்றால் அவ்வளவு கொள்ளும். இப்போது நீங்கள் விடும் அளவுக்குத் தொட்டி கட்டுவதென்றால் அதைப் போல ஐந்து மடங்கு வேண்டியிருக்கும். தளத்துக்கு நாற்பது அடிக்கு ஓரடி வீதம் வாட்டம், அதாவது சரிவு, இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாட்டம் இல்லாத தளத்தில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கோமியம் தேங்கத்தான் செய்யும்.

ஈயும் இதோடு சேர்ந்தே குறையும். நம் வெயிலில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஆவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரைதான் ஆகிறது. ஈரமாக நாலாபுறமும் சிதறிக் கிடக்கும் சாணியே அதற்குத் தொட்டில். சாணத்தைத் தினமும் அள்ளி, உயரமாகக் குவித்து மூடிவிட்டால், குவியலின் உட்புறம் 55 பாகைக்கு மேல் சூடேறி, புழுக்களும் களை விதைகளும் அதிலேயே மடிந்துவிடும். வாரம் ஒரு முறை மருந்தடிப்பதைவிட இது உறுதியான வழி என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. அதன் 24ஆம் பிரிவு, மாசுபடுத்தும் எந்தப் பொருளையும் அறிந்தே நீரோடையிலோ, கிணற்றிலோ, கழிவுக் கால்வாயிலோ, நிலத்திலோ விடக் கூடாது என்கிறது. இத்தனை மாட்டுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்ற வரம்பு அதில் இல்லை. நீரோடை என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தை உங்கள் மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள்: தண்ணீர் ஓடினாலும் சரி, தற்சமயம் வறண்டு கிடந்தாலும் சரி, நீர்ப்போக்கு எல்லாம் நீரோடைதான், குளமும் நிலத்தடி நீரும்கூட அதில் அடக்கம். ‘ஓடையில் எட்டு மாசம் தண்ணியே கிடையாதே’ என்று நீங்கள் எழுதியிருப்பதை ஊராட்சிக்கு எழுதும் பதிலில் சேர்க்காதீர்கள், அது உங்களுக்கு எதிராகவே நிற்கும். வறண்ட ஓடையில் எட்டு மாதம் சேர்ந்த சாணக் கரைசல், ஐப்பசியின் முதல் பெருமழையில் மொத்தமாகப் புரண்டு குளத்தில் இறங்குகிறது என்பதே உண்மை. குளத்து மறுகால் பாய்ந்தால் அதற்கடுத்த குளம், அதற்கப்பால் தாமிரபரணி. கீழே அந்த ஆற்றை நம்பிக் குடிநீர் எடுக்கும் ஊர்கள் தூத்துக்குடி வரை இருக்கின்றன.

பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் தனியாக ஒரு வழிகாட்டுதலை மத்திய வாரியம் 2020இல் வெளியிட்டு, 2021இல் திருத்தியது. சாணத்தை வடிகாலில் தள்ளக் கூடாது, மக்கிய உரமாகவோ, மண்புழு உரமாகவோ, எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும், கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும், குடியிருப்பிலிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும் இடைவெளி வேண்டும் என்பவை அதன் சாரம். அதைச் செயற்படுத்துவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். திருநெல்வேலியில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தை நீங்கள் அணுக வேண்டும். 24 கறவை என்பது வீட்டுக்குப் பால் தரும் இரண்டு மாடு அன்று, அது தொழில். ஆகவே அனுமதி வேண்டியதில்லை என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் அதை நம்பி வந்துவிடாதீர்கள். உருப்படிகளின் எண்ணிக்கை, நிலத்தின் சர்வே எண், ஓடைக்கும் கிணறுகளுக்கும் உள்ள தூரம், நீங்கள் செய்யப்போகும் ஏற்பாடு ஆகியவற்றைக் குறித்து ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, இசைவாணை (வாரியத்தின் அனுமதி) பெற வேண்டுமா என்பதற்குப் பதிலை எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். சுத்திகரித்த தண்ணீரை நிலப் பாசனத்துக்கு விடுவதானால் அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள்ளும், நீர்நிலையில் விடுவதானால் 30 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இரண்டாவதை ஒரு சிறு பண்ணை எட்டுவது மிகக் கடினம். எனவே ஓடை என்ற வழியையே மறந்து, நிலத்தில் பாய்ச்சுவதை மட்டும் குறியாகக் கொள்ளுங்கள்.

ஊராட்சியின் அறிவிப்பை அலட்சியம் செய்யாதீர்கள். அதைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். அதில் குறிப்பிட்டுள்ள குறை, சட்டப்பிரிவு, கெடு ஆகிய மூன்றையும் பார்த்து, கெடுவுக்குள் பதில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்ன தேதியிலிருந்து ஓடைக்குப் போகும் வடிகாலை அடைத்துவிட்டோம், இன்ன தேதிக்குள் தொட்டி கட்டி முடிப்போம் என்று தேதியிட்டு எழுதுங்கள், எழுதியபடியே அடையுங்கள். புகார் அங்கே தீராவிட்டால், அது சேரன்மகாதேவி சார் ஆட்சியரிடம் போகலாம். பொதுத் தொல்லையை அகற்றும்படி ஆணையிட, சார் ஆட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் இருந்த அதிகாரம், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த நிலை வந்தால், தேதியோடு செய்து முடித்த வேலையே உங்களுக்காகப் பேசும்.

எரிவாயுக் கலனைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலனின் அளவு என்பது அது ஒரு நாளில் தரும் வாயுவின் அளவு; அதில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் நாளொன்றுக்கு 25 கிலோ புதுச் சாணம் வேண்டும். 25 கன மீட்டர் கலனுக்கு 625 கிலோ போட வேண்டும். உங்களிடம் உள்ளதே 450. அரை வயிற்றோடு ஓடும் கலனுக்காகக் கடன் வாங்குவது தேவையற்றது. மேலும், ஒரு குடும்பத்தின் சமையலுக்கு 2 கன மீட்டர் வாயுவே போதும். மிச்ச வாயுவை எரிக்க வழியில்லாமல் வெளியே விட்டால், அதில் பாதிக்கு மேல் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. வீட்டுச் சமையலுக்கும், பால் பாத்திரங்களுக்குச் சுடுதண்ணீர் போடவும் 4 கன மீட்டர் கலன் உங்களுக்கு நிறைவாக இருக்கும். அதற்கு 100 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் போதும்.

கலன் கழிவை ஒழித்துவிடும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளே போனதில் மிகச் சிறு பங்குதான் வாயுவாகப் போகிறது. 200 லிட்டர் கரைசல் ஊற்றினால் ஏறக்குறைய 200 லிட்டரும் மறுபக்கம் வழிந்துவிடும். பணியில் சேர்ந்த புதிதில் நான் பரிந்துரைத்த ஒரு பண்ணையில், வழியும் கரைசலுக்கு இடம் குறிக்க மறந்துவிட்டேன். ஓராண்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது அது வாய்க்காலில் பாய்ந்துகொண்டிருந்தது. கலன் நன்றாக வேலை செய்தது, வாய்க்கால்தான் கெட்டுப் போயிருந்தது. அது முதல், வழியும் கரைசலின் குழிக்கு இடம் காட்டாமல் எந்தக் கலனுக்கும் நான் சம்மதம் சொல்வதில்லை. பினாயில், பிளீச்சிங் பவுடர், பால் பாத்திரம் கழுவிய சோடாத் தண்ணீர், மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பால் இவற்றைக் கலனில் ஊற்றக் கூடாது, வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களை அவை கொன்றுவிடும். கலனுக்குள்ளோ, மூடிய கரைசல் தொட்டிக்குள்ளோ எக்காரணம் கொண்டும் யாரையும் இறங்க விடாதீர்கள். உள்ளே தேங்கும் வாயு மூச்சை அடைத்து நொடியில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரும் திரும்புவதில்லை.

மீதி 350 கிலோ சாணம் எருக்குழிக்குப் போகட்டும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிகளுக்கு இடைப்பட்ட காலங்களில்தான் வயல் காலியாக இருக்கும்; ஆகவே மூன்று மாதத்துச் சாணத்தைத் தாங்கும் இடம் உங்களுக்கு வேண்டும். மூன்று மாதத்தில் 30 டன்னுக்கு மேல் சேரும். ஏழரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள குழி 15 கன மீட்டர் பிடிக்கும்; அப்படி மூன்று குழிகள் மேட்டுப் பாங்கான இடத்தில், கிணற்றுக்கும் ஓடைக்கும் எதிர்ப்புறமாக இருக்கட்டும். அடியிலும் பக்கத்திலும் களிமண் திமிசு போட்டோ, செங்கல் கட்டியோ கசிவை அடையுங்கள். மேலே ஓலைக் கூரை கட்டாயம், ஏனென்றால் வெயில் தழைச்சத்தை (நைட்ரஜனை) ஆவியாக்கிவிடும், மழை அதைக் கழுவிவிடும். மாடு தின்று கழித்த வைக்கோலையும் சருகையும் சாணத்தோடு அடுக்கடுக்காகப் போடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரப்பதம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டிக் கொடுத்தால், வாடை அடங்கி, மூன்றாம் மாதம் மண் வாசனை வரும்.

தொட்டித் தண்ணீரைக் கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சுங்கள். தொட்டியை இரண்டு அறையாகத் தடுத்து, முதல் அறையில் கசடு தங்கவும், இரண்டாம் அறையிலிருந்து தெளிவு போகவும் விட வேண்டும். பாசனத் தண்ணீரோடு கலந்து, ஓர் ஏக்கரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தினமும் ஒரு பகுதிக்கு விடுங்கள். மழை பெய்யும் நாளிலும், தரை ஏற்கெனவே நனைந்திருக்கும்போதும் பாய்ச்சக் கூடாது. பத்து நாள் தொட்டி அந்த நாட்களுக்காகத்தான்.

உங்கள் நிலம் எவ்வளவு தாங்கும் என்பதையும் எண்ண வேண்டும். ஒரு கறவை மாடு ஆண்டுக்குச் சுமார் 60 கிலோ தழைச்சத்தைச் சாணத்திலும் கோமியத்திலும் வெளியேற்றுகிறது என்று தோராயமாகக் கொண்டால், 24 மாட்டுக்கு 1,440 கிலோ. காற்றோடு பாதி போனாலும் 700 கிலோ மிஞ்சும். நெல்லுக்கு ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 60 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. ஒன்றரை ஏக்கரில் இரு போகத்துக்கு 180 கிலோ போதும். புல் நன்றாக உண்ணும், ஆனால் ஓர் ஏக்கர் புல்லும் 300, 350 கிலோவோடு நிறுத்திக்கொள்ளும். எனவே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உரமாவது வெளியே போகத்தான் வேண்டும். அத்தனையையும் சொந்த நிலத்திலேயே கொட்டினால், மிச்சம் நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்கும். களக்காட்டு வாழை விவசாயிகளும், தென்காசிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களும் மக்கிய எருவைத் தேடி வாங்குகிறார்கள். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று நம்மூரில் சொல்வது வழக்கம். மறு வருஷம் பலன் காட்டும் அந்த எருவுக்கு இப்போது நல்ல விலையும் இருக்கிறது. பச்சைச் சாணியை விற்காதீர்கள், மக்கிய பிறகு விற்றால்தான் வாங்கியவர் மறுபடி வருவார்.

அண்ணாச்சியின் கிணற்றைப் பற்றி நீங்கள் இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மிகுந்த கவலையாக இருக்கிறது. உங்கள் தொழுவிலிருந்து அறுபதடியில் இருக்கிறது என்கிறீர்கள், அவர் வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அவர் கிணற்றையும் உங்கள் கிணற்றையும் நைட்ரேட்டுக்கும் மலக்கிருமிக்கும் சோதிக்கச் செய்யுங்கள், செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை அந்தக் குழந்தைக்கு வேறு தண்ணீர் கொடுக்கும்படி நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். மனுவைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உங்கள் ஊரிலும் இருக்கும். நல்லபடியாக ஈன்ற மாட்டுக்கு அது காலங்காலமாக நடந்துவருகிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியையும், இறந்த கன்றையும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். கருச்சிதைவு நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஊசியும் மருந்துக் குப்பியும் எருக்குழியில் விழவே கூடாது, வயலில் இறங்கும் காலில் அவை குத்தும்.

மழைக்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உங்கள் தொழுவின் கூரை அறுபதுக்கு முப்பதடி என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 16,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டமும் தூத்துக்குடியும் கண்ட வெள்ளத்தில் அதைப் போலப் பல மடங்கு கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கூரைத் தண்ணீர் தளத்தில் விழுந்து சாணத்தோடு கலந்தால் எந்தத் தொட்டியும் தாங்காது. கூரை ஓரத்தில் தகரத் தவாளி வைத்து, அந்தச் சுத்தமான தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து ஓடைக்கே விட்டுவிடலாம், அதற்குத் தடையில்லை. தவாளியையும் குழிகளின் கூரையையும் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். குழி தோண்டும் இடத்தைக் கயிறு கட்டி அளந்து ஒரு படம் வரைந்து அனுப்பினால், கிணற்றுக்கும் அதற்கும் உள்ள வாட்டத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.